நிலவறை மேசையில் ஒரு பொழுதுபோக்கு



ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்கள் தோட்டம் போடுவார்கள், தூண்டில் போடுவார்கள், தச்சு வேலை கற்பார்கள். நான் சுட்டு முடித்த தோட்டாக்களை மீண்டும் நிரப்பக் கற்றுக்கொண்டேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் எனக்கு இங்குள்ள பலரைப் போலவே இலக்குச் சுடுதல் வார இறுதிப் பழக்கமாகிவிட்டது. ஆனால் தோட்டாவை வீட்டிலேயே நிரப்புகிறேன் என்று சொன்னதும் நம்மவர்களின் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். "இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்பதே முதல் கேள்வி. அக்கேள்விக்கு என்னால் இயன்ற பதிலை நேர்மையாகக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறேன். யாரையும் இதில் இழுத்துவிடும் நோக்கமும் இல்லை, அஞ்சி விலகச் செய்யும் நோக்கமும் இல்லை.

தொடக்கம் 2020 ஆம் ஆண்டு. கொரோனாவால் ஊரடங்கிய அவ்வாண்டில் அமெரிக்கா முழுவதும் தோட்டாக்களுக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. கடைகளில் அலமாரிகள் காலியாக இருந்தன. கிடைத்த சிறு பெட்டிகளும் பழைய விலையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விலையில் விற்றன. என்னிடம் இருப்பது 38 ஸ்பெஷல் வகைத் தோட்டாவை ஏற்கும் ஒரு சுழல் துப்பாக்கி. சுட்டபின் அதன் உருளையிலிருந்து வெற்று உறைகளை நானே வெளியே தட்டி எடுக்க வேண்டும். அவை பித்தளையால் ஆனவை, பளபளப்பானவை. தூக்கி எறிய மனம் வராமல் பல ஆண்டுகளாக ஒரு காலி அரிசிச் சாக்கில் சேர்த்துவைத்திருந்தேன். வீண்விரயம் செய்யாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறை நாம். அந்தச் சாக்கைப் பார்த்த சுடுதிடலின் முதியவர் ஒருவர், "உன்னிடம் இருப்பது குப்பையில்லை, முக்கால்வாசித் தோட்டா" என்றார். அவர்தான் எனக்கு இக்கலையின் முதல் ஆசிரியர்.

அவர் சொன்னதன் பொருளை முதலில் விளக்கிவிடுகிறேன். ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன. பித்தளை உறை, அதன் அடியில் பொருத்தப்பட்ட பிரைமர் என்னும் சிறு கிண்ணம், உறைக்குள் இருக்கும் மருந்து, வாயில் செருகப்பட்ட குண்டு. துப்பாக்கியின் ஊசி பிரைமரைத் தட்டுகிறது. அதிலிருந்து எழும் தீப்பொறி மருந்தைப் பற்றவைக்கிறது. எரியும் மருந்தின் வாயு குண்டைத் தள்ளுகிறது. சுட்டபின் மூன்று உறுப்புகள் போய்விடுகின்றன, விலையுயர்ந்த உறை மட்டும் எஞ்சுகிறது. அதைச் சீர்செய்து மற்ற மூன்றையும் புதிதாகச் சேர்ப்பதே மறுநிரப்பு. அழுத்தம் குறைந்த 38 ஸ்பெஷல் போன்ற வகையில் ஒரே உறையைப் பலமுறை பயன்படுத்தலாம். வாய்ப்பகுதியில் வெடிப்புக் கண்டால் மட்டும் ஒதுக்கிவிட வேண்டும்.

இதில் எனக்கு வியப்பளித்த ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. 1866 ஆம் ஆண்டையொட்டி இருவேறு பிரைமர் அமைப்புகள் தோன்றின. ஒன்று ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸருடையது, மற்றொன்று அமெரிக்கரான ஹைரம் பெர்டனுடையது. பாக்ஸர் முறையில் உறையின் அடியில் நடுவே ஒரே துளை. ஆகவே மெல்லிய ஊசி ஒன்றால் பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றிவிடலாம். பெர்டன் முறையில் பொதுவாக ஓரத்தில் இரண்டு சிறு துளைகள் இருக்கும், ஊசி நுழைய நடுவில் வழியில்லை. ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் பரவியது. அமெரிக்க வீடுகளில் மறுநிரப்பு எளிய பொழுதுபோக்காக வளர்ந்ததற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

ஆசிரியர் கிடைத்தார், உறைகளும் இருந்தன. ஆயினும் வீட்டில் மஷூரா செய்யாமல் இதைத் தொடங்க நான் விரும்பவில்லை. எங்கள் மகளும் மருமகனும் அப்போது எங்களுடன் இருந்தார்கள். இரண்டு வயதுப் பேரன் வீடெங்கும் தவழ்ந்தும் ஓடியும் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் பருவம். என் மனைவி நான் கூறியதை முழுமையாகக் கேட்டுவிட்டு, "மருந்து வெடித்துவிடுமோ என்று எனக்குப் பயமில்லைங்க. நீங்கள் கவனமாகத்தான் இருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத தூசுக்குத்தான் பயப்படுகிறேன்" என்றார். அவர் மருத்துவமனை ஆய்வகத்தில் பணிபுரிந்தவர். ஈயத்தைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்.

அவர் அஞ்சியதில் முழு நியாயம் இருந்தது. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உள்ளது. சுடும்போது அது நுண்தூசாகி உறைக்குள்ளும் வெளியிலும் படிகிறது. பழைய வழக்கப்படி உறைகளை அரைத்த மக்காச்சோளத் தண்டிலோ வாதுமை ஓட்டுத் தூளிலோ போட்டு இயந்திரத்தில் குலுக்கிச் சுத்தம் செய்தால், அத்தூளைக் கொட்டும்போது ஈயம் கலந்த புழுதி எழும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். அது அவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்திற்கான கவன அளவை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 இல் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்பதும் அம்மையத்தின் நிலைப்பாடு.

ஆகவே என் மனைவி மூன்று நிபந்தனைகள் விதித்தார். முதலாவது, மேசை நிலவறையில் கதவுள்ள தனி அறையில் இருக்க வேண்டும். வெப்ப அடுப்பிற்கும் வெந்நீர்க் கலனுக்கும் அருகில் இருக்கக் கூடாது. கதவுக்குப் பூட்டு வேண்டும், சாவி என் இடுப்பில் இருக்க வேண்டும். இரண்டாவது, உறைகளைத் தண்ணீரிலேயே கழுவ வேண்டும், உலர்தூசு எழவே கூடாது. அந்த அறைக்கென்று தனிச் சட்டையும் தனிச் செருப்பும் வேண்டும். சுடுதிடலிலிருந்து வந்தாலும் அறையிலிருந்து வந்தாலும் கைகழுவாமல் பேரனைத் தொடக்கூடாது. மூன்றாவது, பேரனுக்கும் எனக்கும் முதலில் ஒருமுறை, ஆறு மாதம் கழித்து மறுமுறை இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பேரனின் எண் சற்று ஏறினாலும் எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன். அந்த மூன்றாவது நிபந்தனைதான் இப்பொழுதுபோக்கின் உண்மையான உரிமம். அரசு அளிக்கும் எந்த உரிமத்தையும்விடக் கடுமையானது.

அதன்பின் வாங்கிய முதல் பொருள் கருவியன்று, புத்தகம். லைமன் நிறுவனத்தின் மறுநிரப்புக் கையேட்டை வாங்கி ஒரு மாதம் வாசித்தேன். ஒவ்வொரு குண்டின் எடைக்கும் ஒவ்வொரு வகை மருந்துக்கும் தொடக்க அளவும் உச்ச அளவும் அதில் அட்டவணையாக உள்ளன. தொடக்க அளவிலிருந்தே தொடங்க வேண்டும், ஊகத்தால் ஓர் அணுவும் கூட்டக்கூடாது, வாய்வழிச் செய்தியை நம்பி அளக்கக்கூடாது. ஹதீஸ் கற்போர் அறிவிப்பாளர் வரிசையைத் தேடுவதைப் போல, இங்கும் ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பழக வேண்டும்.

பிறகு ஒருமுறைக்கு ஒரு செயலை மட்டும் செய்யும் எளிய கைப்பிரஸ் ஒன்றும், மூன்று அச்சுகள் கொண்ட தொகுதி ஒன்றும், தராசும், வெர்னியரும் வாங்கினேன். ஒரே இழுப்பில் பல வேலைகளை முடிக்கும் வேகமான இயந்திரங்களும் உண்டு. புதியவருக்கு அவை வேண்டாம் என்றார் ஆசிரியர். கற்கும்போது கண் ஒரு வேலையைத்தான் பார்க்கும் என்பது அவர் கூற்று.

வேலை முறை இதுதான். கழுவி உலர்த்திய உறையை முதலில் கண்ணால் சோதிக்க வேண்டும். முதல் அச்சு உறையைப் பழைய அளவுக்குச் சுருக்கி, பழைய பிரைமரையும் வெளியே தள்ளுகிறது. பிறகு புதிய பிரைமரை உறையின் அடிமட்டத்துக்குச் சற்றே கீழே அமரும்படி பொருத்த வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் சுழல் துப்பாக்கியின் உருளை சிக்கிக்கொள்ளும். இரண்டாவது அச்சு உறையின் வாயைச் சிறிது விரிக்கிறது. அதன்பின் மருந்து. இறுதியாக மூன்றாவது அச்சு குண்டை உரிய ஆழத்தில் அமர்த்தி வாயை மடக்கி இறுக்குகிறது. முழுத் தோட்டாவின் நீளம் 1.55 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கையேடு கூறும் நீளத்தைவிடக் குண்டை ஆழமாக அழுத்தினால் உள்ளே இடம் குறைந்து அழுத்தம் கூடிவிடும். நீளம் மிகுந்தாலும் பிழை, குறைந்தாலும் பிழை.

இவ்வளவிலும் உயிருக்கு உலை வைக்கக்கூடிய இடம் மருந்திடும் இடமே. 38 ஸ்பெஷல் 1898 இல் அறிமுகமானது. கருமருந்துக் காலத்தின் வழிவந்த வடிவம் ஆதலால் அதன் உறை நீளமானது. ஊரில் நாட்டுத் துப்பாக்கிக்குக் கருமருந்து கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது தெரியும். இன்றைய புகையற்ற மருந்தோ வீரியம் மிக்கது, மிகச் சிறிதளவே போதும். ஒரு பவுண்டு எடையில் 7000 கிரெயின்கள் உள்ளன. இத்தோட்டாவுக்கான அளவு பெரும்பாலும் ஒற்றை இலக்கக் கிரெயின்களில் முடிந்துவிடும். நீண்ட உறையின் அடியில் சிறிதளவு மருந்து கிடப்பதால், மறதியில் இரண்டாம் முறை இட்டாலும் வழியாது, வெளியே தெரியாது. இரட்டை மருந்து துப்பாக்கியின் உருளையையே பிளந்துவிடும். சுடுபவரின் கையும் கண்ணும் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் ஆபத்துக்குள்ளாவார்.

மறுபுறம், மருந்தே இடாமல் விட்டாலும் ஆபத்துதான். பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளும், அது குழலின் நடுவில் சிக்கிக்கொள்ளும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். சுடுதிடலில் ஒருநாள் எனக்கு இரண்டு இடம் தள்ளி நின்றவரின் துப்பாக்கியிலிருந்து வழக்கமான ஓசைக்குப் பதிலாக மெல்லிய "டப்" என்ற ஒலி கேட்டது. அவர் அடுத்த விசைக்கு விரலை வைக்கும் முன்பே திடல் காவலர் "நிறுத்து" என்று கத்தினார். குழலுக்குள் குச்சியை விட்டுப் பார்த்தபோது பாதி வழியில் குண்டு நின்றிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. அந்த "டப்" ஒலியை இன்றும் என் காது எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது.

ஆகவே என் மேசையில் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டேன். பல்லாங்குழிப் பலகையைப் போல ஐம்பது குழிகள் உள்ள ஒரு மரப்பலகையில் உறைகளை நிறுத்தி மருந்திடுவேன். ஐம்பதும் முடிந்தபின் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு உறைக்குள்ளும் பார்ப்பேன். ஐம்பதிலும் மருந்தின் மட்டம் ஒன்றாகத் தெரியாதவரை ஒரு குண்டைக்கூட அமர்த்த மாட்டேன். மேசையில் ஒருபோதும் இரண்டு மருந்துக் குப்பிகள் இருக்கா. ஒன்று மட்டுமே வெளியே வரும், மீதமானது அதே குப்பிக்குத் திரும்பிய பின்னரே எழுவேன். கைப்பேசி மாடியில் இருக்கும். அறைக்குள் உணவும் தேநீரும் கிடையாது.

தொழுகை நேரம் இவ்வேலைக்குப் பெரும் துணையாக அமைந்தது. தொழுகைக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் மருந்திடுவது, மருந்திட்டு முடிக்க வேண்டுமே என்ற நினைவோடு தொழுவது, இரண்டுமே கேடு. ஆகவே இஷாவை முடித்த பின்னரே மருந்துக் குப்பியைத் திறப்பேன். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் உறைகளைச் சோதிப்பது, பிரைமர் பொருத்துவது போன்ற வேலைகள் மட்டும். யாரிடமாவது கோபப்பட்ட நாளிலும் உறக்கம் குறைந்த நாளிலும் அறைக் கதவைத் திறப்பதே இல்லை. ஐந்து வேளையும் நின்று பழகிய நமக்கு நேரத்தைப் பகுத்துக்கொள்ளத் தெரியும். அந்தப் பழக்கத்தை மேசைக்கும் கொண்டுசெல்வது கடினமாக இல்லை.

இனி, என் மனத்தை உறுத்திய ஒரு நிகழ்ச்சியைக் கூற வேண்டும். பள்ளிவாசலில் பழக்கமான இளைஞர் ஒருவர், என்னை மாமா என்று அழைப்பவர், தட்டுப்பாட்டுக் காலத்தில் என்னிடம் வந்தார். "மாமா, நீங்கள் நிரப்புவதில் ஒரு இருநூறு எனக்கும் தாருங்கள். என்ன விலையோ தந்துவிடுகிறேன்" என்றார். மறுத்தேன். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி தன் சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்ப உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரிக்க உரிமம் வேண்டும். "அப்படியானால் இலவசமாகத் தாருங்களேன்" என்றார் அவர். அதற்கும் மறுத்தேன். அவர் முகம் வாடியது. சில வாரங்கள் ஸலாமுக்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு சகோதரன் கேட்டதை இல்லையென்று சொல்வது எனக்கும் எளிதாக இல்லை.

ஆனால் நான் எண்ணிப் பார்த்தது இதுதான். ஐம்பதில் ஒன்று பிழையாகி அது என் கையில் வெடித்தால் அதன் விளைவை நான் சுமப்பேன். அவர் கையில் வெடித்தால்? என் கவனத்தின் மீது நான் வைக்கும் நம்பிக்கையை இன்னொருவர் உடல்மீது பந்தயம் கட்ட எனக்கு என்ன உரிமை? பள்ளிவாசல் வழியாகவோ கடைத்தெரு வழியாகவோ அம்புகளை எடுத்துச் செல்பவர், பிறரைக் காயப்படுத்திவிடாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். அம்பு வைத்திருப்பது குற்றமன்று. அதன் முனை யார்மீது படும் என்ற பொறுப்பு எடுத்துச் செல்பவருடையது. நான் நிரப்பிய தோட்டாவின் முனை என் கையில்தான் இருக்க வேண்டும். பிறர் நிரப்பியதைச் சுடாதே, நீ நிரப்பியதைப் பிறருக்குக் கொடாதே என்பது இக்கலையின் பழைய விதியும்கூட. பின்னர் அந்தத் தம்பியிடமே, "தோட்டா தர முடியாது, கற்றுத்தர முடியும்" என்றேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து அமர்ந்தார். மூன்றாம் வாரம், "இந்தப் பொறுமை எனக்கு இல்லை மாமா" என்று சிரித்துக்கொண்டே விலகிவிட்டார். அதுவும் ஒரு நல்ல முடிவே.

இன்னொரு கவலையையும் மறைக்க விரும்பவில்லை. நம் பெயர்களை உடையவர் வீட்டு வாசலில் அபாய முத்திரை ஒட்டிய மருந்துப் பெட்டி வந்து இறங்கினால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று என் மனைவி அஞ்சினார். அது வீண் அச்சமன்று. இந்நாட்டில் 2001 க்குப் பின் வாழ்ந்த ஒவ்வொரு குடும்பமும் அறிந்த அச்சம். எங்கள் முடிவு, ஒளிவு மறைவின்றி இருப்பது. வீட்டுக் காப்பீட்டாரிடம் எழுத்தில் தெரிவித்தோம். தீப்பாதுகாப்பு விதிகள் வீட்டில் வைத்திருக்க அனுமதிக்கும் அளவு, நிறுவனம் அடைத்துத் தந்த குப்பியிலேயே 20 பவுண்டு மருந்து, 10,000 பிரைமர்கள். என்னிடம் இரண்டு பவுண்டுக்கு மேல் ஒருபோதும் இருந்ததில்லை. அடுத்த வீட்டுக்காரரை அழைத்து மேசையைக் காட்டினேன். அவர் தன் தந்தையும் இப்படித்தான் நிரப்புவார் என்று சொல்லி, பழைய தராசு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பணம் மிச்சமாகிறதா என்று கேட்பீர்கள். ஒரு தோட்டாவுக்குச் செலவு குறைகிறது என்பது உண்மை. ஆனால் கருவிகளுக்கு முதலில் செலவாகும். பிரைமர்களும் அத்தட்டுப்பாட்டில் விலை ஏறின. மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்னைவிட அதிகம் சுடும் ஆசையும் வரும். ஆகவே சிக்கனத்தை மட்டும் கருதி இதில் இறங்குவோர் ஏமாறுவர். கையால் செய்யும் நுண்ணிய வேலையில் மனம் ஒன்றுவோருக்கே இது ஏற்றது.

இந்தியாவில் வாழும் வாசகர்களுக்கு ஒரு சொல். அங்கே 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். இக்கட்டுரையைப் படித்து யாரும் முயலக் கூடாது. அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம், நகரத்துக்கு நகரம் விதிகள் வேறுபடும். முதலில் அவற்றைக் கேட்டறியுங்கள்.

ஆறு மாதம் கழித்துச் செய்த பரிசோதனையில் பேரனின் இரத்தத்தில் ஈய அளவு முன்பிருந்தபடியே ஒன்றுக்கும் கீழே இருந்தது. என் எண் சற்றுக் கூடியிருந்தது. மருத்துவர் விசாரித்துவிட்டு, காற்றோட்டம் குறைந்த உள்ளரங்கச் சுடுதிடல் காரணமாக இருக்கலாம் என்றார். அன்று முதல் திறந்தவெளித் திடலுக்கு மட்டுமே செல்கிறேன். ஆண்டுக்கொருமுறை பரிசோதனை இன்றும் தொடர்கிறது. தேதியை நினைவூட்டுபவர் என் மனைவிதான்.

தொடங்க எண்ணும் சகோதரர்களுக்கு நான் கூறுவது சுருக்கமானது. முதலில் வீட்டாரிடம் கேளுங்கள், அவர்கள் இல்லையென்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். அடுத்துப் புத்தகத்தை வாங்குங்கள். பின் அனுபவமுள்ள ஒருவர் அருகில் அமர்ந்து குறைந்தது ஐந்நூறு தோட்டாக்கள் நிரப்பப்படுவதைப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால் கருவி வாங்குங்கள். நிரப்பிய ஒவ்வொரு பெட்டியின் மீதும் தேதி, மருந்து, அளவு, குண்டின் எடை ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். எழுதாத பெட்டியைச் சுடாதீர்கள், பிரித்துவிடுங்கள். அல்லாஹ் நம் அனைவரையும் கண்ணுக்குத் தெரிந்த தீங்கிலிருந்தும் தெரியாத தீங்கிலிருந்தும் காப்பானாக.